தூண்டில் கயிற்றை வெட்டக் கற்றுத் தந்தவர்களுக்கு

புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் எங்களுக்குக் கடலைப் பழக்கிக் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு நேரில் வந்து வாசித்துப் பொருள் சொல்கிறேன். ஆனாலும் இதைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் நானும் தம்பியும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கயாக்குகளுக்கு (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறுபடகுகளுக்கு) அருகே பெரிய சுறா ஒன்று வந்ததைக் கேள்விப்பட்டு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் ஊரிலுள்ள உறவினர்களும் இன்னும் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் அதிர்ஷ்டம் என்கிறார்கள். சிலர் கடவுள் காப்பாற்றினார் என்கிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லியாயிற்று. மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

முதலில், ஃபோர்ட் டி சோட்டோ பூங்காவின் கயாக் துறையில் எங்களைக் கண்டெடுத்த பெரியவருக்கு. ஐயா, சுறா பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்ற எங்களைத் தூண்டில் கோலைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னீர்கள். இடுப்பளவு நீரில் கயாக்கைக் கவிழ்க்கச் சொன்னீர்கள். அடுத்து நெஞ்சளவு நீரில். அடுத்து கால் எட்டாத இடத்தில். கவிழ்ந்த கயாக்கின் மேல் கையை நீட்டி எதிர் விளிம்பைப் பற்றி இழுத்து நிமிர்த்த வேண்டும். கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு குறுக்கே கிடக்கும்படி ஏறி, மெல்லப் புரண்டு உட்கார வேண்டும். பாடம் அவ்வளவுதான். அதை நனைந்த சட்டையோடும் உயிர்காப்பு அங்கியோடும், கை ஓய்ந்துபோன பிறகும் செய்ய வைத்தீர்கள். களைத்த பிறகும் ஏற முடிந்தால்தான் ஏறத் தெரியும் என்று கணக்கு என்றீர்கள். சுறா என்ற பேச்சையே அதன் பிறகுதான் எடுத்தீர்கள்.

சுறாவின் பல்லை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கயாக்கில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து பக்கவாட்டு இழுப்பு என்பதை எங்களுக்குப் புரிய வைத்தவர் நீங்கள். தூண்டில் கயிறு கயாக்கின் முன்முனையான முன்னணியத்துக்கு நேராக ஓடினால் மீன் இழுக்கும் திசையில் கயாக்கும் போகும். அந்தச் சுமையே மீனைக் களைப்பாக்கிவிடும். அதே கயிறு குறுக்கே திரும்பினால், இரண்டரை, மூன்றடி அகலமுள்ள படகு எவ்வளவு நேரம் தாங்கும்? அதனால் கோலின் நுனி எப்போதும் முன்னணியத்தின் பக்கம் இருக்க வேண்டும். கயிறு சுற்றும் ரீலை ஓரளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. நங்கூரம் போட்டிருந்தால் அதன் கயிற்றில் ஒரு மிதவையைக் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றிவிடும்படி வைத்திருக்க வேண்டும். நங்கூரம் ஒரு பக்கமும் சுறா மறுபக்கமும் இழுக்கும்போது நடுவில் இருப்பவருக்குப் போக்கிடம் இல்லை. கத்தியைப் பெட்டிக்குள் வைக்காமல் அங்கியின் நெஞ்சுப் பகுதியில், எந்தக் கையாலும் எடுக்கும்படி மாட்டச் சொன்னீர்கள். ரேடியோவும் அப்படித்தான். 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்க வேண்டிய ஆள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கலாம், படகில் வைத்த ரேடியோ அவருக்கு எதற்கு?

அடுத்து தூண்டில் கடை அம்மாவுக்கு. விலை உயர்ந்த சாமான்களை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். நீங்கள் செய்யவில்லை அம்மா. நாங்கள் எடுத்த பளபளப்பான துருப்பிடிக்காத தூண்டில் முட்களைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டு, சாதாரண எஃகில் செய்த வட்ட முள்ளை எடுத்துக் கொடுத்தீர்கள். பழைய தோல் கையுறை ஒன்றைச் சுருட்டி வாய் மாதிரி பிடித்துக்கொண்டு, அதன் உள்ளே அந்த முள்ளை விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துக் காட்டினீர்கள். முள்ளின் கூர்முனை உள்நோக்கி வளைந்திருந்ததால் அது எதையும் குத்தாமல் வழுக்கிக்கொண்டே வந்தது. வெளியே வரும் இடத்தில் மட்டும் திரும்பி, கையுறையின் ஓரத்தில் கவ்விக்கொண்டது. சுறாவுக்கும் இப்படித்தான் என்றீர்கள். இரையை விழுங்கினாலும் முள் பெரும்பாலும் வயிற்றில் தங்காமல் தாடையின் ஓரத்துக்கு வந்து நிற்கும். வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை, நிதானமாகச் சுற்றினால் போதும். கயிற்றை வெட்டிவிட நேர்ந்தாலும் சாதாரண எஃகு உப்புநீரில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பிறகு கம்பி வெட்டும் பெரிய கட்டரைக் கையில் கொடுத்து, இதில்லாமல் கடலுக்குப் போகாதீர்கள் என்றீர்கள். முள்ளுக்கும் கயிற்றுக்கும் நடுவே கட்டும் எஃகுக் கம்பியைக் கத்தியால் வெட்ட முடியாது என்பது அப்போதுதான் எங்கள் மனதில் ஆழப் பதிந்தது.

படகுத்துறையில் சோதனைக்கு வந்த வனவிலங்கு அதிகாரிக்கும் நன்றி. ஐயா, எங்கள் உயிர்காப்பு அங்கிகளையும் விசிலையும் பார்த்துவிட்டு நீங்கள் போயிருக்கலாம். வெயிலில் நின்று விதிகளை விளக்கினீர்கள். புளோரிடாவில் 2019 ஜூலை 1 முதல் இயற்கை இரை வைத்துச் சுறா பிடிப்பவர்கள் துருப்பிடிக்கக்கூடிய, பக்கம் வளையாத வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும். கயிற்றையோ முள்ளையோ வெட்டும் கருவி கைவசம் இருக்க வேண்டும். தடைசெய்யப்பட்ட இனமாக இருந்தால் அதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவே கூடாது. கரையிலிருந்து சுறா பிடிப்பவர்கள் இணையப் பாடம் ஒன்றைப் படித்து அனுமதி பெற வேண்டும் என்பது அதே ஆண்டில் வந்த விதி. படகில் போகிற எங்களுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் படித்துவிடுங்கள் என்றீர்கள். நான், தம்பி, என் மனைவி மூவரும் படித்தோம்.

மறுவாரமே தடைசெய்யப்பட்ட இனங்களின் படங்களை வாங்கிவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினோம். எலுமிச்சைச் சுறாவை 2010 முதலும், புலிச்சுறாவையும், சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்களில் மூன்று பெரிய வகைகளையும் 2012 முதலும் இந்த மாநிலக் கடலில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று என் மகள் கேட்டாள். பதிலைச் சரசோட்டாவிலுள்ள மோட் கடல் ஆய்வகத்தின் தன்னார்வலர்கள் சொன்னார்கள். யூஜெனி கிளார்க் என்ற பெண் விஞ்ஞானி 1955இல் தொடங்கிய ஆய்வகம் அது. சுறாக்கள் பழக்கினால் கற்றுக்கொள்ளும் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். 2006இல் இங்கிருந்து தெற்கேயுள்ள போக்கா கிராண்டேயில் 1,280 பவுண்டு எடையுள்ள பெருங்கொம்பன் சுறா ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. உலக சாதனை. அதன் வயிற்றில் 55 குட்டிகள் இருந்தன. அந்த எண்ணைச் சொல்லிவிட்டு அந்தத் தன்னார்வலர் சற்று நேரம் பேசாமல் நின்றார். என் மகள் அதற்குப் பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை.

கொம்பன் சுறா பார்க்கத்தான் முரடு, களைப்பைத் தாங்காது என்பதையும் அவர்களே விளக்கினார்கள். நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுள் வழியாகப் போதிய நீர் ஓடும். நெடுநேரம் போராட வைத்துவிட்டு விட்டால், அது நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடக்கூடும். ஆகவே, மெல்லிய கயிற்றில் பெரிய மீனைப் பிடிப்பதை வீரமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கனமான கயிறு, குறைந்த நேரப் போராட்டம், நீரிலேயே விடுவிப்பு. மனிதருக்கும் மீனுக்கும் நல்லது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி அன்று நடந்தது. பூங்காவை ஒட்டிய பன்செஸ் கால்வாய்க்கு உட்புறம், மணல்திட்டை ஒட்டிய ஆழத்தில் இருந்தோம். வற்றம் நின்று நீர் அசையாமல் இருந்த நேரம். தம்பியின் தூண்டிலில் நான்கடி நீளமுள்ள பிளாக்டிப் (துடுப்பு நுனி கறுத்த) சுறா ஒன்று மாட்டி, கயாக்கைச் சிறிது தூரம் இழுத்து, களைத்து, பக்கத்தில் வந்துவிட்டது. முள்ளைக் கழற்றும் கருவியோடு நான் நெருங்கினேன். வாடிப்போயிருந்த மீன் திடீரென்று விறைத்துக்கொண்டு தம்பியின் கயாக்குக்கு அடியில் புகுந்தது. எதிலிருந்தோ ஒளிவதைப் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தோம். அரிவாள் போல் வளைந்து உயர்ந்த ஒரு முதுகுத் துடுப்பு எங்களை நோக்கி அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு உயரமான துடுப்பு பெருங்கொம்பனுக்குத்தான் உண்டு. பச்சை நீருக்கடியில் அது எங்களைக் கடந்தபோது அந்த அகலமான தலை இடமும் வலமும் அசைவது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் 12 அடிக் கயாக்கைவிட அது குட்டையாக இல்லை.

கோடை தொடங்கும் நாட்களில் டார்பன் மீன்களைத் தொடர்ந்து பெருங்கொம்பன்கள் இந்தக் கால்வாய்களுக்கு வருவது வழக்கம். தூண்டிலில் துடிக்கும் மீன் அவற்றுக்கு அழைப்பு. அதற்கு வேண்டியது பிளாக்டிப் தான், நாங்கள் இல்லை. ஆனால் இரை எங்களுக்கு அடியில் இருந்தது. கயிறு தம்பியின் கையில் இருந்தது.

தம்பி பேசவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. கயிறு அறுந்தது. பிளாக்டிப் அம்பாகப் பாய்ந்தது. கொம்பன் அதைத் துரத்திக்கொண்டு திரும்பியபோது எழுந்த அலையில் இரண்டு கயாக்குகளும் ஆடின. நான் என் கயாக்கை அவனுடையதோடு பக்கவாட்டில் ஒட்டினேன். ஒருவர் விளிம்பை மற்றவர் பிடித்துக்கொண்டோம். இரண்டு படகுகளும் சேர்ந்துவிட்டால் கவிழ்ப்பது கடினம் என்று பெரியவர் பழக்கியிருந்தார். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டோம். இரை வைத்திருந்த பை ஏற்கெனவே மூடிப் படகின் உள்ளே இருந்தது, தண்ணீரில் எதையும் தொங்கவிடுவது எங்களுக்கு வழக்கமில்லை. தொலைவில் நீர் வெள்ளையாக வெடித்து அடங்கியது. பிறகு துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டு மணல்திட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

தம்பி, இதை நீயும் படிப்பாய். உன் முதல் நல்ல மீன் அது. அதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க எவ்வளவு ஆசையாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும். கண்ணிமைக்கும் நேரத்தில் அதை விட்டுக்கொடுத்தாய். உன் பக்கத்தில் இருந்ததற்காகப் பெருமைப்படுகிறேன்.

அன்று எங்கள் ஆரஞ்சுக் கொடிகளைப் பார்த்து, இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து வந்த படகில் இருந்த தம்பதிக்கும் நன்றி. நாங்கள் திட்டில் கால் ஊன்றும் வரை அலை கிளப்பாமல் ஒதுங்கி நின்றீர்கள். கை காட்டினோம், கை காட்டினீர்கள், போய்விட்டீர்கள். பெயர் கேட்க வாய்க்கவில்லை. இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். இருந்தாலும் எழுதுகிறேன். எங்கே இறங்குகிறோம், எதுவரை போவோம், எத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிய தாள் ஒவ்வொரு முறையும் அவளிடம் இருக்கும். மேற்கே மேகம் திரண்டாலும், தொலைவில் ஓர் இடி கேட்டாலும் முதலில் வருவது அவளுடைய அழைப்புத்தான். புளோரிடாவின் கோடை மதியங்களில் மின்னல் சுறாவைவிடப் பல மடங்கு ஆபத்தானது. திறந்த நீரில் நிமிர்ந்து நிற்கும் தூண்டில் கோலோடு அதற்கு எதிரில் யாரும் இருக்கக் கூடாது.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு தூரம் வந்து சுறாப்புட்டு கிடைக்கவில்லையே என்று உங்களுக்கு வருத்தம். சிறிய வகைகளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. நாங்கள்தான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். சுறாவின் சதையில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சொல்வதைக் காட்டியதும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம் என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வேறு மீனில் நீங்கள் செய்த புட்டை அந்தப் பெரியவர் இன்னும் விசாரிக்கிறார்.

கடைசியாக ஒரு தகவல். அதிகாரி கொடுத்த விதிகளையும், பெரியவரின் கவிழ்ப்புப் பயிற்சியையும், தடை இனங்களின் அடையாளங்களையும் தமிழில் எழுதி இரண்டு பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம். கடை அம்மா தம் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கயாக் வாங்க நினைக்கும் தமிழர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், மீன்பிடி உரிமம் புதுப்பிக்கும்போது அதிகாரியிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
டாம்பாவிலிருந்து ஒரு கயாக்காரன்