திசுவைப் பார்த்து நோயைச் சொன்னவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறை மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், திசு ஆய்வகத்தாருக்கும், எங்கள் காசிமேட்டு உறவுகளுக்கும் வணக்கம்.

தொண்டை வலியும் காய்ச்சலும் கண்ட மறுநாளே என் மகனுக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகத் தொடங்கியது. கடலுக்குப் போகிற பிள்ளைக்கு உடம்புச் சூடுதான் என்றார்கள் சிலர். வெளியில் ஒரு சிகிச்சையகத்தில் கல்லடைப்பு என்று மருந்தும் கொடுத்தார்கள். ஸ்டான்லியில் ஸ்கேன் எடுத்தபோது கல் எதுவும் இல்லை. சிறுநீரில் ரத்த அணுக்களோடு புரதமும் இறங்குவதைக் கண்ட மருத்துவர்கள், பயாப்ஸி, அதாவது ஊசியால் சிறிது திசு எடுத்து ஆய்வு, செய்தாக வேண்டும் என்றார்கள். சிறுநீரகத்தில் ஊசி குத்துவதா என்று நாங்கள் அஞ்சி நின்றபோது, ஸ்கேன் சிறுநீரகத்தின் அளவையும் வடிவையும் காட்டுமே தவிர, ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகளுக்குள் நடப்பதைக் காட்டாது என்று தாளில் படம் வரைந்து பொறுமையாக விளக்கிய பயிற்சி மருத்துவருக்கு முதல் நன்றி.

ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே திசுவை எடுத்தார்கள். எடுத்த அனைத்தையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடாமல், ஒரு பங்கைத் தனித் திரவத்தில் இட்டுத் தாமதமின்றி ஆய்வகத்தில் சேர்த்த தொழில்நுட்பருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். அந்தப் பங்கை உறையவைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களை இட்டுச் சிறப்பு நுண்ணோக்கியில் பார்த்தபோது, முடிச்சுகளின் நடுப்பகுதி முழுவதும் ஐஜிஏ என்னும் நோயெதிர்ப்புப் புரதம் பச்சையாக ஒளிர்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே தன் ஐஜிஏவை அந்நியமாகக் கருதி அதனோடு பிணைய, அந்தச் சேர்க்கை சிறுநீரகத்தில் வந்து படிவதுதான் ஐஜிஏ நெஃப்ரோபதி என்னும் இந்த நோய் என்று திசுநோய் மருத்துவர் அந்தப் படத்தையே எனக்குக் காட்டிச் சொன்னார். ரத்தப் பரிசோதனை மட்டும் கொண்டு இதை உறுதிசெய்ய முடியாது. சாதாரண நுண்ணோக்கியில் வேறு நோய்களைப் போலவும் தோன்றக்கூடும். 1968ஆம் ஆண்டில் பிரான்சில் ழான் பெர்ஜே, நிக்கோல் ஆங்லே என்னும் இருவர் இந்நோயை முதன்முதலில் பிரித்தறிந்ததும் இந்த ஒளிர்முறையால்தானாம்.

சாதாரண நுண்ணோக்கிக்கும் வேலை இருந்தது. சிறுநீரகத்தில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, இந்நோயின் பாதிப்பை மதிப்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு முறைப்படி அதில் பார்த்தார்கள். அது குறைவாகவே இருந்ததால், ரத்த அழுத்தத்தையும் புரத இழப்பையும் குறைக்கும் மாத்திரைகளோடு சிகிச்சை தொடங்கியது. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேடி அலைந்த எங்களுக்கு அந்த அறிக்கை எத்தகைய ஆறுதல் என்பதை எழுத்தில் முழுமையாகச் சொல்ல இயலவில்லை.

பயாப்ஸி முடிந்த இரவு முழுவதும், மல்லாந்து அசையாமல் படுத்திருந்தவனின் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் நிறத்தையும் விடாமல் கவனித்த செவிலியர் சகோதரிகளுக்கு நன்றி. கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் அவனுடைய பங்கை வீட்டுக்கு அனுப்பிய படகு உரிமையாளருக்கும், கருவாட்டையும் ஊறுகாயையும் விலக்கச் சொன்னதிலிருந்து படகில் அவனுக்கென்று உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு வைக்கும் தோழர்களுக்கும் நன்றி.

அண்மைப் பரிசோதனையில் புரதம் இறங்குவது குறைந்திருக்கிறது. மருத்துவர்களை நாங்கள் நேரில் கண்டு கைகூப்பிவிட்டோம். ஆனால் திசுவை வெட்டிச் சாயம் ஏற்றியவர்களின் பெயர் அறிக்கையில் இல்லை. அவர்கள் கண்ணில் படும்படி இம்மடலை ஆய்வகப் பலகையில் ஒட்டிவைக்குமாறு துறையினரைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
காசிமேட்டிலிருந்து ஒரு தாய்