நூற்றாண்டு விழாவில் கவலை ஓட்டிக் காட்டியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பண்ணைச் செயல்பாட்டு மையம்.

ஐயா,

வணக்கம். உங்கள் பண்ணையின் நூற்றாண்டு விழாவுக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து 22 பேர் வந்திருந்தோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு 600 ரூபாய். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் காட்டும் 'கவலை இறைப்பு நேரடிச் செயல்விளக்கம்' என்று அதற்கு மேல் 150 ரூபாய் வாங்கினீர்கள். சாப்பாட்டிலும் கயிற்றுப் பாலத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகார் கவலையையும் மாடுகளையும் பற்றியது.

தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சால் கிணற்றுக்குள் நிறைந்துதான் கிளம்பியது. மேலே வந்து சேரும்போது கால் சால் தண்ணீர்கூட இல்லை. "பழைய சால், ஒழுகுகிறது" என்று வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னார். ஒழுகியது சால் அல்ல, அதன் அடியில் குழாய்போலத் தைத்து இணைக்கும் தும்பி. சாலில் கட்டும் வடமும் தும்பி வாயில் கட்டும் வால்கயிறும் ஒரே நுகத்தடியில் சேருகின்றன. சால் ஏறி வரும் நேரமெல்லாம் தும்பியின் வாய் மடங்கி, சாலின் விளிம்புக்கு மேலேயே நிற்க வேண்டும். வால்கயிறு ஓடும் கீழ் உருளையைத் தாண்டி வந்த பிறகுதான் அது தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். நீங்கள் கட்டியிருந்த வால்கயிறு ஒரு முழமாவது நீளம். அதனால் தும்பி வாய் விளிம்புக்குக் கீழே தொங்கி, வழிநெடுகக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு வந்தது. அதற்காக ஒரேயடியாகக் குறைத்துக் கட்டினாலும் ஆகாது. சாலும் தும்பியும் சேரும் இடம் இழுபட்டுக் கிழியும். வெறும் சாலை ஏற்றிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டிக் குறைத்துத்தான் கட்ட வேண்டும். தும்பியைத் தோலுக்குப் பதில் தார்ப்பாயைச் சுருட்டித் தைத்திருந்தீர்கள். செலவு மிச்சம்தான், ஆனால் அது உருளையில் மடிந்து மடிந்து அடைத்துக்கொள்கிறது.

தண்ணீர் போனால் போகட்டும். வடத்தின்மேல் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுக்க விட்டதை விட முடியாது. மாடு வாரியில், அதாவது கிணற்றோரச் சரிவில், இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தில் உட்காருவது பாரம் கொடுத்து இழுவைக்கு உதவ. தண்ணீர் கொட்டியதும் வடம் தொய்யும், மாடு பின்னால் ஏறத் தொடங்கும். அந்த நொடியில் இறங்கத் தெரிந்தவர்தான் அங்கே உட்காரலாம். வடத்தில் புரி விட்டிருந்த இடம் கண்ணுக்கே தெரிந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி நீங்கள் கட்டியிருந்தது அலங்காரத் தோரணம் மட்டும்.

அதே ஜோடி மாடுகள்தான் பகல் 12 மணி முதல் 2 மணி வரை சவாரி வண்டியும் இழுத்தன. உங்கள் அலுவலக வாசல் வெப்பமானி அப்போது 39 டிகிரி காட்டியது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது என்பது 1965-ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதி. மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, காலியாக.

கண்காட்சிப் பலகைகளையும் யாராவது ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். 1925-லேயே நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலைய மின்சாரத்தில் மோட்டார் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். பைக்காராவில் மின்உற்பத்தி தொடங்கியதே 1932-இல்தான். செம்பழுப்புக் கன்றைக் 'கலப்பினம்' என்று போட்டிருந்தீர்கள். காங்கயம் இனக் கன்று பிறக்கும்போது அந்த நிறம்தான், சுமார் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். தாய்ப்பசு பக்கத்துக் கொட்டிலிலேயே நின்றது!

செயல்விளக்கக் கட்டணம் 22 பேருக்கு 3,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். வடத்தை மாற்றி, கிணற்றைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி போட்டு, கவலை ஓட்டிப் பழகிய ஒருவரை வைத்து வால்கயிற்றைச் சரிசெய்யும்வரை அந்த நிகழ்ச்சியை நிறுத்தி வையுங்கள். வண்டிச் சவாரியைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடலாம். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். ரசீது நகல்களும் வடத்தின் படங்கள் மூன்றும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கத்தினர்