கழலாத டிரம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். ஐந்து மாதமாக எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான். வாத்தியாருக்கு முட்டிவலி தேவலையா என்று மறக்காமல் எழுது.

இப்போது எழுதக் காரணம் வண்டி. பிரேக் பிடித்தால் பின்பக்கம் இடதில் கரகரவென்று சத்தம். உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்திருக்கும், நாமே மாற்றிவிடலாம் என்று ஞாயிறு காலை இறங்கினேன். சக்கரம் கழன்றது, ஷூவை மூடியிருக்கும் கிண்ணம் மாதிரியான டிரம் அசையவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டாயிற்று, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாயிற்று, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தாயிற்று. ம்ஹூம்.

நீயாக இருந்தால் முதல் நிமிடமே சம்மட்டியைத் தூக்கியிருப்பாய். பம்புசெட்டை நீ அடித்ததை நான் மறக்கவில்லை! டிரம் வார்ப்பிரும்பு, நண்பா. விளிம்பில் ஓங்கி அடித்தால் விண்டுபோகும். சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் வளையத்தில் துரு ஏறி, ஹப்பும் டிரம்மும் ஒன்றாகிக் கிடந்தன. துரு இளக்கும் எண்ணெயை அங்கே விட்டு, போல்ட்களுக்கு இடையில் மெல்லத் தட்டி, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.

மறுநாள்தான் டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் கண்ணில் பட்டன. இத்தனை வருடமாகப் பார்த்தவைதான், எதற்கென்று யோசித்ததே இல்லை. 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் ஏற்றி, இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். போல்ட் நுனி ஹப்பை உதைக்க உதைக்க, டங்கென்று ஒரு சத்தம். துரு விட்டுவிட்டது! அந்தச் சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆனாலும் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. ஷூ உரசி உரசி டிரம்முக்குள் பள்ளம் விழுந்து, உள்விளிம்பு வரப்பு மாதிரி நிற்கிறது. ஷூ அதில் மாட்டிக்கொண்டிருந்தது. டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டின் ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவைச் சுருக்கியதும், டிரம் கையோடு வந்தது.

உள்ளே பார்த்ததும் சந்தோஷமெல்லாம் போய்விட்டது. பிரேக் ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் முழுக்க நனைந்திருந்தது. இரண்டு மாதம் முன்னால் பிரேக் ஆயில் குறைந்திருந்ததைப் பார்த்தேன். ஊற்றி மூடிவிட்டேன், எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அதே வண்டியில்தான் போன மாதம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இன்று சொல்ல வேண்டும்.

சிலிண்டரும், இரண்டு பக்கத்து ஷூவும் புதிதாகப் போட்டாயிற்று. நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடுவதெல்லாம் கூடாது.

உன் வண்டிக்கும் என் வண்டி வயசுதானே? கடிதம் கிடைத்ததும் பிரேக் ஆயில் எந்த அளவில் நிற்கிறது என்று பார். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகாதே, வண்டியை எடுக்காதே. டிரம் வரவில்லை என்றால் சம்மட்டியைத் தொடாமல் எனக்குச் சொல், வருகிறேன். அந்த இரண்டு போல்ட்டையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்