எட்டு கோர் இருக்கட்டும், சிப்பின் பெயர் என்ன?

டிவி பாக்ஸ் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பாக்ஸின் அட்டைப்பெட்டியில் 'ஆக்டா கோர்', அதாவது எட்டு கோர் என்று இருக்கிறது, '64 பிட்' என்று இருக்கிறது, 'அல்ட்ரா எச்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே எந்த சிப் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. விற்பவரைக் கேட்டால் "லேட்டஸ்ட் சிப்தான் சார்" என்று பதில் வருகிறது. லேட்டஸ்ட் என்ற பெயரில் எந்த நிறுவனமும் சிப் செய்வதாகத் தெரியவில்லை. அந்த ஒரு பெயரைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முதலில் கோர் கணக்கு. கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனி மூளை. டிவி பாக்ஸ் சிப் செய்யும் அம்லாஜிக் நிறுவனத்தின் எஸ்912 எட்டு கோர் சிப். எட்டுமே கார்ட்டெக்ஸ்-ஏ53 என்ற கோர் வகை. அதில் நான்கு 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், மற்ற நான்கும் 1 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2019-ல் அதே நிறுவனம் கொண்டுவந்த எஸ்905எக்ஸ்3-இல் இருப்பவை நான்கே கோர்கள். ஆனால் அடுத்த தலைமுறை ஏ55, வேகம் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரை. மெனுவில் நகர்வது, ஆப் திறப்பது, தேடும் கட்டத்தில் எழுத்து விழுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் தலையில் விழும் வேலைகள். அதனால் இந்த நான்கு கோர் சிப் அந்த எட்டு கோர் சிப்பைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். அட்டையைப் பார்த்து வாங்குபவர் எட்டைத்தானே எடுப்பார்? எடுக்கட்டும் என்றுதானே எட்டை மட்டும் பெரிதாக அச்சிடுகிறீர்கள்?

கிகாஹெர்ட்ஸ் கணக்கும் இதே லட்சணம்தான். எஸ்905 சிப் 2 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கப்பட்டது. 2016-ல் அதே சிப் உள்ள ஓட்ராய்ட்-சி2 என்ற சிறு கணினி போர்டை வைத்து அளந்து பார்த்தபோது உண்மையான வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்று வெளியே வந்தது. இயங்குதளம் 2 என்று காட்டும், அதற்கும் அடியில் இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் 1.5-க்கு மேல் விடாது. அதாவது செட்டிங்ஸைத் திறந்து சரிபார்த்த கவனமான ஆளுக்கும் தவறான எண்தான் கிடைத்தது.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்905எக்ஸும் எஸ்905டபிள்யூவும் போதும். முன்னது 4கே காட்சியை நொடிக்கு 60 ஃப்ரேம் வரை டிகோட் செய்யும், அதாவது சுருக்கி வந்த வீடியோவை விரித்துக் காட்டும். பின்னது 30 ஃப்ரேமோடு சரி. சினிமா பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, சினிமா பெரும்பாலும் 24 ஃப்ரேம்தான். 60 ஃப்ரேமில் வரும் விளையாட்டு ஒளிபரப்பைப் பார்க்க உட்காருபவருக்குத்தான் வில்லங்கம். இரண்டு அட்டையிலும் '4கே' என்றுதான் இருக்கும். நீங்கள் சொன்னது பொய் இல்லை என்று வாதாடலாம். வாங்கியவருக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரீமிங் பாக்ஸில் வீடியோவை விரித்துக் காட்டுவது இந்தக் கோர்கள் இல்லை. சிப்புக்குள் அதற்கென்றே தனியாக ஒரு டிகோடர் இருக்கிறது. எந்தெந்த கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையை, அது படிக்கும் என்பது சிப் வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். எச்.264 வந்தது 2003-ல், எச்.265 வந்தது 2013-ல், ஏவி1 வந்தது 2018-ல். டிகோடரில் ஏவி1 இல்லாத சிப்புக்கு எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவந்து சேர்க்காது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஸ்ட்ரீமிங் நிறுவனம் அந்த பாக்ஸுக்கு விபி9 போன்ற பழைய கோடெக்கில் அனுப்பும், அதே தரத்துக்கு டேட்டா கூடுதலாகச் செலவாகும். இல்லாவிட்டால் கோர்களே முட்டி மோதி டிகோட் செய்யும், பாக்ஸ் சூடேறும், படம் விட்டுவிட்டு ஓடும். இதற்குப் பிறகு வாடிக்கையாளர் இணைய இணைப்பைத் திட்டுவார். ரவுட்டரைக்கூட மாற்றிப் பார்ப்பார்.

புதிது, விலை கூடியது, வேகமானது என்பதை வைத்து இதைக் கணிக்கவும் முடியாது. 2020-ல் கூகுள் விட்ட 4கே குரோம்காஸ்டில் எஸ்905டி3ஜி சிப், ஏவி1 டிகோடர் கிடையாது. 2022-ல் வந்த எச்டி குரோம்காஸ்ட் அதைவிட மலிவு, 1080பி-க்கு மேல் காட்டாது. அதிலிருக்கும் எஸ்805எக்ஸ்2 சிப்பில் ஏவி1 உண்டு! 2022 ஆப்பிள் டிவி 4கே-வின் ஏ15 சிப், கோர் வேகத்தில் சாதாரண ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் இருக்கிறது. அதிலும் ஏவி1 டிகோடர் இல்லை. என்விடியா ஷீல்டின் 2019 மாடலில் இருக்கும் டெக்ரா எக்ஸ்1+ சிப்பும் அப்படித்தான். சொல்லப்போனால் ஷீல்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2015-ல் விற்ற பெட்டிக்கு 2022-ல் ஆண்ட்ராய்டு 11 கொடுத்தார்கள். ஒரு அப்டேட்கூட வராத பாக்ஸ்களை விற்கும் உங்களில் சிலர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

'6கே' கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆல்வின்னர் எச்616 சிப் 6கே அளவுள்ள எச்.265 கோப்பை நொடிக்கு 30 ஃப்ரேமில் டிகோட் செய்யும், அது நிஜம். ஆனால் அதன் எச்டிஎம்ஐ வழியாக வெளியே போவது 4கே வரைதான். உள்ளே 6கே-வைப் படித்து, சுருக்கி, 4கே-வாக டிவிக்கு அனுப்பும். அந்த 6கே-வைப் பார்க்க வழியே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அதை அட்டையில் அச்சடித்தே விற்கிறீர்கள்.

சிப் நல்லதாக இருந்தும் பாக்ஸ் சொதப்பும் இடங்கள் உண்டு, அதற்கு சிப் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. 64 பிட் சிப்பை வைத்துவிட்டு 32 பிட் ஆண்ட்ராய்டை ஏற்றி விற்பது ஒன்று. அதைவிடப் பெரியது வைட்வைன், அதாவது படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் கூகுளின் பூட்டு. அதில் எல்1 உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தொழிற்சாலையிலேயே சாவி ஏற்றி எல்1 சான்று வாங்கியிருந்தால்தான் கட்டண ஓடிடிகள் எச்டியும் 4கே-வும் தரும். எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலானவை 480பி-யோடு நிறுத்திவிடும். ஒரே எஸ்905எக்ஸ்4 சிப் உள்ள இரண்டு பாக்ஸ்களில் ஒன்றில் படம் பளிச்சென்றும் மற்றதில் மங்கலாகவும் தெரிவது இதனால்தான். எச்616 சிப்போடு விற்கப்பட்ட டி95 பாக்ஸ் ஒன்றின் ஃபர்ம்வேரில் மால்வேர் என்ற தீய மென்பொருள் முன்கூட்டியே ஏறியிருந்தது 2023-ல் வெளியே வந்தது. அங்கேயும் சிப் ஒரு பாவமும் செய்யவில்லை.

சரி, வாங்குபவரே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பீர்கள். எப்படி? எம்எக்ஸ்க்யூ ப்ரோ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில், ஏறக்குறைய அதே கறுப்புப் பெட்டியில், ஒன்றில் 64 பிட் ஏ53 கோர்கள் உள்ள எஸ்905 வந்தது. இன்னொன்றில் 32 பிட் ஏ7 கோர்கள் உள்ள ராக்சிப் ஆர்கே3229 வந்தது. விமர்சனம் படித்து வாங்கியவர் எதைப் படித்தார், எதை வாங்கினார்? சிப் விவரம் காட்டும் ஆப்பைப் போட்டால், ஃபர்ம்வேர் என்ன சொல்லிக் கொடுத்ததோ அதைத்தான் அது ஒப்பிக்கும். கடைசி வழி பாக்ஸைத் திருகிப் பிரித்து, ஒட்டியிருக்கும் ஹீட்சிங்கைப் பெயர்த்து, பசையைத் துடைத்துவிட்டு எழுத்தைப் படிப்பது. வாரன்டி அதோடு போயிற்று.

ஆகவே நான் கேட்பது இதுதான். சிப்பின் பெயரை அதன் கடைசி எழுத்து வரை அச்சிடுங்கள். கோர் எத்தனை என்பதோடு என்ன வகை, உண்மையில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்றும் சொல்லுங்கள். எச்.265, விபி9, ஏவி1 மூன்றையும் எந்த அளவு வரை, எத்தனை ஃப்ரேம் வரை, 10 பிட் நிறம் உண்டா என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்டு எத்தனை பிட், வைட்வைன் எல்1-ஆ எல்3-ஆ என்பதும் வேண்டும். அன்டுட்டு என்ற வேகச் சோதனை ஆப்பின் மதிப்பெண் வேண்டாம், டிகோடர் எந்த கோடெக்கைப் படிக்கும் என்று அந்த ஒரு எண்ணிலிருந்து தெரியாது. விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் இந்த விவரத்தைத் தராவிட்டால் 'தரப்படவில்லை' என்றே விற்பனைப் பக்கத்தில் போடுங்கள். வாங்குபவருக்கு அதுவே ஒரு தகவல்.

சிப் கிடைக்காமல் போகும், விலை ஏறும், நடுவில் வேறு சிப்புக்கு மாற வேண்டிவரும். அது புரிகிறது. அப்படி மாற்றும்போது மாடல் பெயரில் ஓர் எழுத்தையாவது சேர்த்து மாற்றுங்கள். பழைய சிப்புக்கு வந்த நல்ல விமர்சனங்களின் கீழே புதிய சரக்கை விற்காதீர்கள்.

இப்படிக்கு,
அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தையும் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்