‘உங்களுக்குக் கை வரல’ என்று சொன்ன நிறுவனத்துக்கு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்

பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான அக்கூஸ்டிக் கிட்டாரை மாற்றித் தருவது, அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருவது தொடர்பாக. (இது 4ஆவது மடல். முந்தைய 3 மடல்களுக்கும் பதில் வரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 7 மாதங்களாக உங்கள் நிறுவனத்தோடு அல்லாடி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். 11 முறை தொலைபேசியில் பேசினேன், 3 மின்னஞ்சல் போட்டேன், 3 முறை சர்வீஸ் சென்டருக்கு நடந்தேன். என் பெயரில் 5 புகார் எண்கள் உங்களிடம் இருக்கின்றன. ஐந்துக்கும் எதிரே ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்றுகூடத் தீரவில்லை. இந்தக் கடிதத்தையாவது கிட்டார் தெரிந்த ஒருவரின் கையில் கொடுங்கள் என்று முதலிலேயே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாடலைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் செய்த பொருள். புதிதாகக் கற்பவர்களுக்கு என்று நீங்களே விளம்பரப்படுத்தும் அந்தப் பெரிய உடல் டிரெட்நாட் கிட்டார்தான். குறைந்த விலைக் கிட்டாரில் மேல்பலகை ஒட்டுப்பலகையாகத்தான் இருக்கும், கம்பிகளைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டும் உடல்பக்கம் தாங்கும் சாடிலும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளின் ஓரங்கள் உள்ளங்கையில் கீறின. ஒரு டியூனிங் கீ மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாகச் சுற்றியது. இதையெல்லாம் நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

என் புகார் கழுத்தைப் பற்றியது. கழுத்து உடலோடு சேரும் கோணமே தப்பாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தது.

12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் 6ஆவது கம்பி, அதாவது தடித்த கம்பி, எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சுமார் 2.4 மில்லிமீட்டர். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். என் கிட்டாரில் 4.2. மெல்லிய முதல் கம்பி 3.5. இரும்பு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு உங்கள் அழைப்பு மையத்திலிருந்து பேசியவர் என்ன சொன்னார் என்பதை எழுதாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

“ஆரம்பத்துல எல்லாருக்கும் விரல் வலிக்கும் சார். பழகினா சரியாயிடும்” என்றார். விரல் நுனி காய்க்கச் சில வாரம் ஆகும் என்று எனக்கும் தெரியும், நான் வலியைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறேன் என்றேன். “நீங்க எத்தனை மாசமா வாசிக்கிறீங்க?” என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். அப்போதுதான் சொன்னார்: “சில பேருக்குக் கை வராது சார். அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. இந்த விலைக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?” நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஐயா, அந்த வார்த்தை என்னை எங்கே தைத்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் அந்த மூன்று மாதத்தையும் சொல்ல வேண்டும். சிறுவயதிலிருந்து மனதில் இருந்த ஆசை இது. வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சில கம்பிகளை அழுத்தாமல் விட்டுச் சேர்த்து மீட்டும் திறந்த கார்டுகள் வந்தன. எஃப் கார்டு முக்கி முனகி வந்தது. அதற்குமேல் போனபோதுதான் நின்றுபோனேன். ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பாரே கார்டு முதல் ஃபிரெட்டில்தான் கடினம், 5ஆவது ஃபிரெட் பக்கம் போனால் கை இலகுவாகும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். எனக்கு மேலே போகப் போகக் கடினமானது. 8ஆவது ஃபிரெட்டில் சி கார்டு பிடித்தால் ஆறு கம்பியில் மூன்று ஊமையாகக் கிடந்தன. அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டு வீங்கியது. குறை என்னிடம்தான் என்று அத்தனை நாளும் நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் உங்கள் ஊழியர் ஒரே வாக்கியத்தில் முத்திரை குத்தி உறுதி செய்தார். அதன்பிறகு இரண்டு வாரம் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு நண்பர் வீட்டில் அவருடைய கிட்டாரை மடியில் வைத்தேன். அதுவும் விலை குறைந்ததுதான், பத்து வருடம் பழையது, மேல்பலகை முழுக்கக் கீறல். 8ஆவது ஃபிரெட்டில் அதே சி கார்டு. ஆறு கம்பியும் பேசின. முதல் தடவையிலேயே. நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தேன், எழுந்துவர மனமே இல்லை. அப்படியானால் எனக்குக் கை வந்திருக்கிறது! உங்கள் கிட்டார்தான் அதை எனக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது. என்னுடைய மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது? என் இசையையே முளையில் கிள்ளிப் போட்டிருப்பீர்கள். இன்னொருவராக இருந்திருந்தால் அன்றோடு விட்டிருப்பார், வாழ்நாளில் திரும்ப ஒரு வாத்தியத்தைத் தொட்டிருக்க மாட்டார்.

கோபத்தில் வரிசை தப்பிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோணத்துக்கு வருகிறேன்.

நீளமான நேர்க்கோல் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்து, உடல்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் வரை தள்ளினேன். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டி வந்து நிற்க வேண்டும். என் கிட்டாரில் மேல்விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே போய் முட்டுகிறது. கழுத்து முன்னால் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ‘சாடிலைத் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் மூன்று முறையும் சொன்னார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12ஆவது ஃபிரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் அது 324இல் விழுகிறது. அதனால் அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க, சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். எனக்கு 1.8 இறங்க வேண்டும், அதாவது 3.6 தேய்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேல் சாடில் துருத்திக்கொண்டிருப்பதே இரண்டரை மில்லிமீட்டர்தான். முழுவதையும் தேய்த்துத் தரைமட்டமாக்கினாலும் போதாது, கம்பி சாடிலை அழுத்தக்கூடச் செய்யாது. இதைக் கிட்டார் செய்கிற நிறுவனத்துக்கு, வாங்கிய நான் வகுப்பெடுக்க வேண்டியிருக்கிறது.

சுருதியையும் சொல்லிவிடுகிறேன். கம்பி அவ்வளவு உயரத்திலிருந்து ஃபிரெட்டைத் தொடக் கீழே வளையும்போது இழுபடுகிறது, இழுபட்டால் ஸ்வரம் ஏறுகிறது. திறந்த கம்பியைத் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, புதுக் கம்பி போட்டுத்தான் பார்த்தேன். 6ஆவது கம்பியில் 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக் சரியாக இருக்கிறது, அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் டியூனர் 25 சென்ட் கூடக் காட்டுகிறது. அரை ஸ்வரத்துக்கே 100 சென்ட்தான். கால்வாசி தப்பு. கேட்பவர்கள் காதுக்குச் சுருதி தப்பியவன் நான்.

இனி அந்த நடைகள். முதல் முறை போனபோது அக்கூஸ்டிக் பார்ப்பவர் விடுப்பு என்றார்கள். பரவாயில்லை என்று திரும்பினேன். இரண்டாவது முறை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்பது நாள் கழித்துக் கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்றால் ‘அட்ஜஸ்ட் பண்ணியாச்சு’. டிரஸ் ராடை முறுக்கியிருக்கிறார்கள்! கழுத்துக்குள் இருக்கும் அந்த இரும்புத் தண்டு கழுத்தின் வளைவைத் திருத்துவதற்கு. கழுத்துக் கோணத்தை அது திருத்தாது. கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டியதை எத்தனை சுற்றுச் சுற்றினார்களோ, கழுத்து இப்போது பின்பக்கம் வில்லாக நிற்கிறது. 4.2 இருந்தது 3.8 ஆனது. பதிலுக்கு முதல் ஐந்து ஃபிரெட்டும் ‘ஜிர்’ரென்று இரைகின்றன. ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஜி கார்டும் ஈ மைனரும்கூடப் போயின.

மூன்றாவது நடையை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. ‘உங்களுக்கான சாடில் வந்துவிட்டது, சனிக்கிழமை வாருங்கள்’ என்று நீங்களே அழைத்தீர்கள். வேலைக்கு விடுப்புப் போட்டேன். டிரெட்நாட்டை முதுகில் சுமந்து இரண்டு பேருந்து மாறி, கூட்டத்தில் கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் யார்மேலாவது இடித்துவிடப் போகிறதே என்று கையால் மூடிக்கொண்டே நின்று போனேன். இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். கடைசியில் எடுத்துவந்த சாடில் நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டாருக்கானது. பள்ளத்தில் உட்காரவே இல்லை. அங்கிருந்த தம்பி, “ஓரத்தை அறுத்துப் போட்டுடலாமா சார்?” என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் வேண்டாம் என்று கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கவில்லை, கைபேசியில் செய்தி வருகிறது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு 5 நட்சத்திரம் வழங்குங்கள்.’ அந்த வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

உத்தரவாதம் செல்லாது என்பதற்கு இதுவரை இரண்டு காரணம் சொன்னீர்கள். ஒன்று, நான் கம்பி மாற்றிவிட்டேனாம். கம்பி தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் மாற்றினால் வண்டியின் உத்தரவாதம் போகுமா? பெட்டியோடு வந்த அதே 12-53 தடிமன் கம்பிகளையே போட்டேன். இன்னொன்று, ஈரப்பதம். உங்கள் துண்டறிக்கையில் 45 முதல் 55 சதவீதம் வரை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதல் வாரத்திலிருந்தே பெட்டிக்குள் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன், தேதி வாரியாகக் குறித்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். திடமரத்தைவிட ஒட்டுப்பலகை ஈரப்பதத்தைத் தாங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

தாமதத்தால் சேதம் கூடிக்கொண்டே போகிறது. ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கின்றன. பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை கொஞ்சம் மேடு தட்டுவது இயல்பு, அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் போன மாதத்திலிருந்து பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் நுழைகிறது. பசை விடுகிறது. மூன்றாவது மடலில் இதையும் படத்தோடு எழுதியிருந்தேன்.

நான் சண்டைக்காரன் அல்ல. உங்கள் நிறுவனம் நன்றாக இருக்க வேண்டும், என்னைப் போல் காசு சேர்த்து வாங்குகிறவர்களுக்கு ஒழுங்கான கிட்டார் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். தயவுசெய்து இதே மாடலில் வேறொன்று கொடுங்கள். அனுப்பும் முன் உங்கள் ஆள் ஒருவர் நேர்க்கோல் வைத்துப் பார்த்து, 12ஆவது ஃபிரெட்டில் அளந்து, அளவைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். ஐந்து நிமிட வேலை. அது முடியாது என்றால் முழுப் பணம் வேண்டும். சர்வீஸ் சென்டரில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று என்னிடம் வாங்கிய கட்டணமும் அதோடு வர வேண்டும். பழுது பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்தும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும் என்று வெளியில் விசாரித்துவிட்டேன்.

15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அளவெடுத்த படங்கள், மூன்று சர்வீஸ் சீட்டுகள், அந்த ‘தீர்க்கப்பட்டது’ செய்திகள் ஐந்து என எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வழக்குச் செலவு கிட்டாரின் விலையைவிடப் பத்து மடங்கு ஆனாலும் சரி.

இன்னும் ஒன்று, இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். ‘தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சொன்னீர்கள். எனது 6ஆவது அழைப்பின் பதிவை எடுத்து, வேறு யாரிடமும் தள்ளாமல் நீங்களே முழுதாகக் கேளுங்கள். அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. புதிதாக ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரிடமும் ‘கை வராது’ என்று இனி அவர் சொல்லக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: கிட்டாரை எடுத்துச்செல்ல ஆள் அனுப்பினால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரிட்ஜ் இன்னும் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். படுக்கவைத்து ஏற்றச் சொல்லுங்கள், மேலே வேறு பெட்டி அடுக்க வேண்டாம்.