மலைப்பாதைக்குக் கொங்கிரீட் வேண்டாம், கான் வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் கண்டி, மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதி, அங்குள்ள நடைபாதைகளுக்குக் கொங்கிரீட் படிகளும் இரும்புக் கைபிடிகளும் போட்டுத்தர வேண்டும் என்று கேட்டிருந்தார். வழுக்கி விழுந்த கோபம் அவருடைய எழுத்தில் தெரிகிறது. கோபத்தில் தவறில்லை, அந்தப் பாதைகள் இன்றிருக்கும் நிலையில் யாரும் விழுவார்கள். ஆனால் அவர் கேட்கும் மருந்து நோயைக் கூட்டிவிடும்.

நான் கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவள். பிறந்தது ரங்கல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். மேகம் விலகிய நாட்களில் எங்கள் வாசலிலிருந்தே நக்கிள்ஸ் முகடு தெரியும். அப்பா தோட்டத்தில் கான் வெட்டும் ஆள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன், தேயிலைச் சரிவின் குறுக்கே மழைநீரை ஒதுக்கி விடுவதற்கு வெட்டும் வாய்க்கால்தான் கான். இப்போது என் மகனும் அவனுடைய அலுவலக நண்பர்களும் விடுமுறை கிடைத்தால் வேன் பிடித்து அதே மலைக்குப் போகிறார்கள். அவர்களோடு நானும் சில தடவை போயிருக்கிறேன். அவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், நான் தண்ணீர் எந்த வழியாக ஓடியிருக்கிறது என்று பார்க்கிறேன். பழக்க தோஷம்.

ஒரு பாதை எப்படிக் கெடுகிறது என்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மனிதர் நடந்து நடந்து நடுப்பகுதி பள்ளமாகிறது. மழை பெய்தால் சரிவில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைக் கண்டுகொள்கிறது. அதன் பிறகு அது பாதை அல்ல, ஓடை. மண் போய், வேர் தெரிந்து, கல் கிளம்பி நிற்கும். அடுத்து வருகிறவர் புதுச் சப்பாத்தைச் சேற்றில் வைக்க மனமில்லாமல் ஓரத்துப் புல்லில் காலை வைக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் ஓரமாகப் போகிறார். ஒற்றையடிப் பாதையாக இருந்தது சில மழைக்காலங்களில் மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு வந்துவிடுகிறது. வளைந்து வளைந்து ஏறும் இடங்களில் நம்மவர்கள் பொறுமையில்லாமல் குறுக்கால் நேரே இறங்குவது இன்னொரு கேடு. அந்தக் குறுக்கு வழிதான் அடுத்த மழையில் முதலில் அறுக்கும், ஏனென்றால் தண்ணீரும் நேரே இறங்கத்தான் விரும்புகிறது.

இங்கே பெய்யும் மழையும் சாதாரண மழையல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி, ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடைப்பருவ மழை, டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் என்று இரண்டு பக்கமும் நனைகிற மலை இது. மாத்தளைப் பக்கம் பிட்டவல பத்தனை என்ற புல்வெளிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், பாறைத் தளத்தின் மேல் மண் மிக மெல்லிதாகத்தான் கிடக்கிறது. அதில் புல் போனால் பாறைதான் மிச்சம்.

இந்த இடத்தில் கொங்கிரீட் படி கட்டினால் என்ன நடக்கும்? தண்ணீர் படிக்குள் இறங்காது, படியின் இரு ஓரங்களிலும் ஓடும். ஓரத்து மண்ணைக் கரைத்து அடியில் குடைந்துவிடும். இரண்டு மூன்று பருவங்களில் படி அந்தரத்தில் தொங்கும், பிறகு உடையும். அதற்கு முன்பே, படியின் உயரம் முழங்காலுக்கு ஒத்துவராமல் ஆட்கள் படியை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணில் நடப்பார்கள். அதாவது கொங்கிரீட்டும் இருக்கும், அதன் பக்கத்தில் புதிய சேற்றுப் பாதையும் இருக்கும். சீமெந்து மூட்டையையும் மணலையும் யார் தலையில் சுமந்து ஏற்றப்போகிறார்கள் என்பதையும் அந்த வாசகர் யோசித்திருக்கலாம்.

இந்தக் காடு நேற்று முளைத்ததல்ல. கோப்பிக்காகக் கீழ்ச் சரிவுகளெல்லாம் மொட்டையடிக்கப்பட்ட பிறகுதான், 1873இல் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக் கூடாது என்று ஆங்கிலேயர் விதி வைத்தார்கள். பிறகு காட்டு நிழலில் ஏலம் பயிரிட்டார்கள். கீழ்ச்செடிகளை வெட்டித் துப்புரவாக்கிய இடங்களில் மரக்கன்று முளைக்க வழியில்லாமல் போயிற்று. 2000இல் இது பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. பாசி பிடித்த மரங்களில் மூக்கில் இலை ஒட்டியது போன்ற ஓணான் ஒன்று இருக்கிறது. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. நாங்கள் சிறுவயதில் அதைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறோம், அதன் பெருமை தெரியாமல். இப்படிப்பட்ட இடத்தில் கம்பியும் கொங்கிரீட்டும் கேட்பதற்கு முன் மண்வெட்டியும் அலவாங்கும் போதுமா என்று பார்க்க வேண்டாமா?

போதும் என்பதுதான் என் கட்சி. அப்பா செய்ததைச் சொல்கிறேன். சரிவின் குறுக்கே, மிக மெல்லிய சாய்வோடு கானை ஓட்டுவார். சாய்வு கூடினால் தண்ணீர் கானையே அறுத்துவிடும், குறைந்தால் தேங்கி உடைக்கும். கானுக்குள் இடைக்கிடை வெட்டாத மண்ணைச் சிறு அணையாக விட்டுவைப்பார். தண்ணீர் அங்கே தயங்கி, வண்டலைக் கீழே விட்டுவிட்டு, அணைக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். தங்கிய வண்டலை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவார்கள். இலங்கைத் தேயிலை மலைகள் இவ்வளவு காலம் நின்றதற்கு இந்தக் கான்களும் ஒரு காரணம். கான் துப்புரவு செய்யாமல் விட்ட மலைகள் என்ன ஆகின என்பதைத் தோட்டங்களுக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்.

நடைபாதைக்கும் இதே கணக்குத்தான். பாதை மலைச் சரிவின் பாதிச் சாய்வுக்கு மேல் ஏறக் கூடாது. பாதையின் தளம் பள்ளத்தாக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்துபோகும். செங்குத்தான இடங்களில் பாதைக்குக் குறுக்கே சரிவாகக் கல் பதித்து, தண்ணீரை இலைச்சருகு நிறைந்த ஓரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். சாய்வு கூடக்கூட அந்தக் கற்கள் நெருங்கி வர வேண்டும். குறுக்கால் இறங்கும் வழிகளைப் பட்டுப்போன கிளைகளால் அடைத்தாலே காடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இதற்கெல்லாம் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகளே சரிந்தன. அப்படிப்பட்ட மழையைக் கான் வெட்டி நிறுத்திவிட முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மலைப்பக்கமே போகக் கூடாது, அவ்வளவுதான். நான் பேசுவது ஆண்டு தோறும் வரும் வழக்கமான மழையைப் பற்றி.

இன்னொரு சிக்கல் எல்லை. இந்த மலைத்தொடர் பாதி கண்டி மாவட்டத்திலும் பாதி மாத்தளை மாவட்டத்திலும் கிடக்கிறது. ஹுன்னஸ்கிரியவில் திரும்பி டீன்ஸ்டன், கோபட்ஸ் கெப் வழியாக மீமுரேக்கு இறங்குகிறவர் ஒரு மாவட்டத்தின் விருந்தாளி. ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறுகிறவர் மற்ற மாவட்டத்தின் விருந்தாளி. பேருந்தும் பாதையும் கூட்டமும் கூட வேறு வேறு. பாதையைப் பராமரிக்கும் வேலையை மட்டுமாவது முகட்டின் இரு பக்கமும் ஒரே குழு, ஒரே திட்டத்தில் செய்ய வேண்டும். மழைநீர் இரண்டு பக்கமும் இறங்கினாலும் கடைசியில் மகாவலிக்குத்தான் போகிறது. ஹுலு கங்கை, மின்சாரம் எடுக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, களு கங்கை மகாவலியின் துணையாறான அம்பன் கங்கையில் சேர்கிறது. நடைபாதை மண்ணால் மட்டும் நீர்த்தேக்கம் தூர்ந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கொட்டாஞ்சேனையில் மின்விசிறி சுற்றுவதற்கும் அந்த மலைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் கொழும்பார் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் மலையடியிலேயே இருக்கிறார்கள். ரங்கல, மடுல்கல பக்கத்துத் தோட்டங்களில் கான் வெட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். மீமுரே போன்ற சிங்களக் கிராமத்தவர்களுக்குக் காட்டு வழியும் மூலிகையும் மிருகத் தடமும் தெரியும். வழிகாட்டி வேலை அவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறது. பாதை பராமரிப்பில் இரு சாராரையும் சேர்த்து அமர்த்தினால் இரண்டு பக்கமும் சம்பளம் போகும். காட்டுக்குள் நுழைய நாம் கட்டும் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி, எவ்வளவு ஒதுக்கினோம் என்று நுழைவாயிலில் எழுதிவைத்தால் டிக்கெட் விலை கூடினாலும் நான் முறையிட மாட்டேன்.

வேலைக்கு நாள் குறிப்பதும் முக்கியம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பே மலையேறும். அதற்கு முன் மார்ச்சில் ஒரு தடவை, இடைப்பருவ மழைக்கு முன் செப்டெம்பரில் ஒரு தடவை கான் துப்புரவு முடிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பாதையை மூடட்டும், யாரும் செத்துப்போக மாட்டோம். கூலியை வெட்டிய நீளத்துக்கு அளந்து கொடுக்கும் ஒப்பந்த முறை மட்டும் வேண்டாம். அளவுக்குக் கூலி என்றால் நீளமான, ஆழமில்லாத கான்தான் வரும், முதல் மழையிலேயே தூர்ந்துபோகும். நாட்சம்பளத்துக்கு ஆள் வைத்து, கான் தெரிந்த ஒருவரை மேற்பார்வைக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளையாகிய ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.