செயலாளர் ஆண்டறிக்கை: வார்டு இன்சார்ஜ்களின் பணிச்சோர்வு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், சந்தாப் புதுப்பிப்பு, பயிற்சி வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் உள்ளது. இந்த ஆண்டு செயற்குழு அதிகம் விவாதித்தது வார்டு இன்சார்ஜ்களின், அதாவது மருத்துவமனை வார்டுகளைப் பொறுப்பேற்று நடத்தும் செவிலியர்களின், பணிச்சோர்வைப் பற்றித்தான்.

2022 முதல் நடப்பில் உள்ள நோய்கள் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், உலக சுகாதார நிறுவனம் இதை நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த நிகழ்வு என்றே குறிப்பிடுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வார்டை. சோர்ந்தவரைத் தியான வகுப்புக்கு அனுப்புவதில் தவறில்லை. அதையும் டியூட்டி முடிந்த பிறகு வைத்தால் என்ன பயன்?

இன்சார்ஜிடம் பொறுப்பு இருக்கிறது, அதிகாரம் இல்லை. காலை ஷிஃப்ட்டில் ஒருவர் வரவில்லை என்றால் மாற்று ஆள் போட அவரால் முடியாது. மேலே கேட்டால் "இருக்கிறவங்களை வெச்சு சமாளிங்க" என்பார்கள். அவரே மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போவார். ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்), இன்டென்ட் (வார்டுக்கு வேண்டிய பொருள்களைக் கேட்கும் சீட்டு), தொற்றுத் தடுப்புத் தணிக்கைப் படிவம் எல்லாம் ஷிஃப்ட் முடிந்த பிறகே தொடங்கும். வீட்டுக்குப் போன பின்னும் "சாவி எங்கே மேடம்?" என்று போன் வரும். லீவு மறுக்கப்பட்ட செவிலியரின் கோபமும், படுக்கை காலியாகவில்லை என்ற மருத்துவரின் கோபமும் வந்து விழுவது அவர் மேல்தான்.

இதற்குச் செலவில்லாத மாற்றங்களே பாதி. வார்டுக்கென ஒரு போன் இருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கைமாற வேண்டும். ரோஸ்டர் இரண்டு வாரம் முன்பே ஒட்டப்பட வேண்டும். அதன்பின் மாற்றம் கேட்பவரே தன்னோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்பவரைத் தேடி எழுதித் தர வேண்டும். செலவு பிடிப்பவை இரண்டு: எந்த வார்டுக்கும் அனுப்பக்கூடிய மாற்றுச் செவிலியர் குழு, இன்டென்ட்டும் பதிவேடும் பார்க்க ஓர் எழுத்தர். மாற்றுக் குழுவை நிரந்தரமாக ஒரே வார்டில் நிறுத்திவிட்டால் அது மாற்றுக் குழுவே அல்ல. பல இடங்களில் திட்டம் கெடுவது இங்கேதான்.

சோர்வை அளக்க மாஸ்லாக் வினாப்பட்டியல் உண்டு: 22 கேள்விகள், மூன்று பிரிவுகள். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கக் கூடாது. உணர்வுச் சோர்விலும் நோயாளியிடமிருந்து விலகும் மனநிலையிலும் மதிப்பு ஏறினால் கெடுதல். சாதித்த நிறைவில் இறங்கினால் கெடுதல். படிவத்தை மேலதிகாரி வாங்கினால் எல்லோரும் "நலமே" என்றுதான் எழுதுவார்கள். பெயரில்லாமல், மூடிய பெட்டியில் சேர வேண்டும். ஒரு வார்டில் ஒரே இன்சார்ஜ் என்பதால் வார்டு வாரியாகப் பிரித்தாலே ஆள் தெரிந்துவிடும். மொத்தமாக மட்டும் தொகுக்க வேண்டும்.

வார்டு போன், முன்கூட்டிய ரோஸ்டர், மாற்றுக் குழு, எழுத்தர் ஆகிய நான்கையும் கோரி நிர்வாகத்துக்கு மனு அளிக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்